கிட்டார் வாசிக்கத் தெரியாத மனிதர்

லியோ ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. அதன் தந்திகளைச் சுருதி சேர்க்கவும் தெரியாது. ஆனால், மின்கிட்டாரையும் அதன் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயரையும் இருபதாம் நூற்றாண்டு இசைக்குத் தந்தவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் அவர். கல்லூரி நாட்களில் மெல்லிசைக் குழு ஒன்றில் கிட்டார் வாசித்த எனக்கு, இச்செய்தியை முதன்முதலில் படித்தபோது சற்றே ஏமாற்றமாக இருந்தது. வயது ஏற ஏற, அவருடைய வெற்றிக்கு அந்தத் தெரியாமையும் ஒரு காரணமோ என்று எண்ணத் தொடங்கியிருக்கிறேன்.

அவர் மறைந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. இப்போது அவரை நினைக்கவைத்தது ஒரு சிறு நிகழ்ச்சி. சில மாதங்களுக்கு முன், என்னிடமுள்ள பழைய வகை வால்வு ஆம்ப் ஒன்றை மூன்றாம் மாடியிலிருந்து இறக்கி, நண்பர் வீட்டு விழாவுக்கு எடுத்துச் சென்றேன். எடை முப்பது கிலோவுக்கு அருகில். இரண்டு நாள் முதுகு நிமிரவில்லை. என்னுடன் வாசித்த இருபது வயது இளைஞரோ, தோள்பையிலிருந்து ஒரு புத்தகம் அளவிலான கருவியை எடுத்து, அரங்கின் ஒலியமைப்பில் நேராகச் செருகினார். அவருடைய கிட்டாரின் ஒலி என்னுடையதைவிடக் குறைந்ததாக இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஃபெண்டர் போன்ற பழம்பெரும் பெயர்கள் இந்த இளைஞரை எப்படித் தக்கவைத்துக்கொள்ளும்? பழையதை அணுவளவும் மாற்றாமல் காப்பது என்று ஒரு சாராரும், வால்வுகளை மறந்துவிட்டுக் கணினிக்குள் குடியேறுவது என்று மறுசாராரும் வழக்காடுகிறார்கள். இரு தரப்பும் சாட்சிக்கு அழைப்பது அந்த நிறுவனரின் பெயரைத்தான். அவர் வாழ்க்கையைப் பார்த்தால், இரண்டு பக்கமும் முழுமையாகச் சாட்சி சொல்லக்கூடியவராக அவர் எனக்குத் தோன்றவில்லை.

கிளாரன்ஸ் லியோனிடஸ் ஃபெண்டர் 1909 ஆகஸ்ட் 10 அன்று, தெற்குக் கலிஃபோர்னியாவில் ஆரஞ்சுத் தோப்பு வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தார். எட்டு வயதில் கட்டியொன்றின் காரணமாக இடக்கண்ணை இழந்தார். வாழ்நாள் முழுவதும் கண்ணாடிக் கண்ணோடு வாழ்ந்தார். பதின்மூன்று வயதை ஒட்டி, மோட்டார் வாகன மின்பழுது பார்க்கும் கடை வைத்திருந்த மாமா ஒருவர், கழித்துப்போட்ட ரேடியோ உதிரிபாகங்களை ஒரு பெட்டி நிறைய அனுப்பிவைத்தார். அந்தப் பெட்டி அவருடைய தலையெழுத்தை மாற்றியது. பள்ளியில் சாக்ஸஃபோன் கற்றார். கல்லூரியில் படித்தது கணக்கியல். மின்னியலில் அவருக்கு முறையான படிப்பு எதுவும் கிடையாது.

கணக்கராகத்தான் வாழ்க்கையைத் தொடங்கினார். பெருமந்தக் காலம் வேலையைப் பறித்தது. 1938இல் 600 டாலர் கடன் வாங்கி, ஃபுல்லர்ட்டன் நகரில் ஃபெண்டர் ரேடியோ சர்வீஸ் என்ற பழுது பார்க்கும் கடையைத் திறந்தார்.

இந்தக் கடையில் சற்று நின்று செல்ல விரும்புகிறேன். அவருடைய வரலாற்றை எழுதுவோர் புகழ்பெற்ற கிட்டார்களை நோக்கி விரைந்துவிடுகிறார்கள். எனக்கு எல்லாமே இந்தக் கடையில் நிகழ்ந்துவிட்டதாகப் படுகிறது. அப்பகுதியின் நடன அரங்குகளில் வாசித்த கலைஞர்கள், பழுதான ஆம்ப்களைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்தார்கள். பிறர் செய்த கருவிகள் எங்கே தளர்கின்றன, எந்த இணைப்பு அதிர்வில் விடுபடுகிறது என்பதைச் சூட்டுக்கோலும் கையுமாக அவர் கற்றார். புதிய கருவியைக் கற்பனை செய்பவருக்கும், உடைந்த கருவியைத் திறந்து பார்ப்பவருக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. ஃபெண்டர் இரண்டாம் வகை. பின்னாளில் அவர் உருவாக்கிய ஆம்ப்களின் உள்ளே உதிரிபாகங்கள் ஓர் அட்டையில் வரிசையாக, கைக்கு எட்டும் இடைவெளியில் அமைந்திருக்கும். எந்த வால்வு எங்கே என்று காட்டும் தாள் பெட்டியின் உட்புறத்திலேயே ஒட்டப்பட்டிருக்கும். முன்பின் தெரியாத ஊரில், முன்பின் தெரியாத ஒரு மெக்கானிக் அதைத் திறப்பார் என்று அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

அந்த மெக்கானிக்கை நான் பார்த்திருக்கிறேன். மதுரையில் வால்வு ரேடியோக்களைப் பழுது பார்த்துவந்த ஒரு பெரியவர் அவர். கிட்டார் ஆம்ப் என்ற பொருளையே அதற்குமுன் அவர் கண்டதில்லை. என் ஆம்ப் வேறொரு நிறுவனத்தினுடையது என்றாலும், அதன் உள்ளமைப்பு ஃபெண்டர் வகுத்த வழியைப் பின்பற்றியது. உள்ளே ஒட்டியிருந்த தாளைக் கண்ணாடியை உயர்த்திப் படித்தார்; ஒரு மின்தேக்கியை மாற்றினார்; அரை மணி நேரத்தில் ஆம்ப் பாடியது. கூலி வாங்கும்போது, இது ரேடியோவின் தம்பிதானே என்ற தொனியில் ஏதோ சொன்னதாக நினைவு.

1945இல் டாக் காஃப்மன் என்ற நண்பருடன் சேர்ந்து, ஹவாய் கிட்டார்களையும் சிறு ஆம்ப்களையும் தயாரிக்கத் தொடங்கினார் ஃபெண்டர். தொழில் தாங்குமா என்ற அச்சத்தில் மறு ஆண்டே நண்பர் விலகிக்கொள்ள, ஃபெண்டர் தம் பெயரில் நிறுவனத்தைத் தொடர்ந்தார். 1950-51இல் டெலிகாஸ்டர் கிட்டார், 1951இல் பிரிசிஷன் பேஸ், 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர். இவற்றின் கதை பலரும் அறிந்ததே. ஆம்ப்களின் கதை அந்த அளவுக்குச் சொல்லப்படுவதில்லை.

பேஸ் கிட்டாருக்குத் துணையாக 1952இல் அவர் வெளியிட்ட ஆம்பின் பெயர் பேஸ்மேன். பயணப் பெட்டிகளுக்கு உறையிடும் துணியைப் போர்த்திய அப்பெட்டி, 1950களின் நடுப்பகுதியில் 10 அங்குல ஸ்பீக்கர்கள் நான்கைக் கொண்டதாக வளர்ந்தது. பேஸ் கலைஞர்களுக்காகச் செய்யப்பட்டதை, கிட்டார் கலைஞர்கள் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். ஒலி அளவைக் கூட்டும்போது வால்வு தன் எல்லையைத் தொடுகிறது; ஒலியலையின் முகடுகள் மழுங்குகின்றன; கரகரப்பும் கனிவும் கலந்த ஒரு குரல் பிறக்கிறது. ப்ளூஸ் கலைஞர்களுக்கு அது வரம். ஃபெண்டருக்கோ அது குறை. தெளிந்த, கலப்பற்ற ஒலியே அவருடைய இலட்சியம். மின்சுற்றை மீண்டும் மீண்டும் திருத்தி, அந்தச் சிதைவை விரட்டவே அவர் பாடுபட்டார். இன்று அவர் பெயரால் கொண்டாடப்படும் ஒலிகளில் பாதி, அவர் ஒழிக்க நினைத்தவை.

லண்டனில் ஜிம் மார்ஷல் என்ற டிரம்ஸ் ஆசிரியர் நடத்திய இசைக்கருவிக் கடையில், 1962 வாக்கில் அந்த பேஸ்மேனின் மின்சுற்றைப் பார்த்துத்தான் முதல் மார்ஷல் ஆம்ப் உருவாக்கப்பட்டது. அமெரிக்காவிலிருந்து இறக்குமதியாகும் ஃபெண்டர் ஆம்ப் ஆங்கிலேய இளைஞர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. அந்தக் கரகரப்பை இன்னும் உரக்கக் கேட்கவும் அவர்கள் விரும்பினார்கள். ராக் இசையின் இன்னொரு பெரும் பெயர் பிறந்தது இப்படி.

ஆனால், கேட்பவர்களின் தேவைக்கு ஃபெண்டர் காது கொடுக்காதவர் அல்லர். டிக் டேல் என்ற இடக்கைக் கலைஞரின் கதை அதற்குச் சான்று. கலிஃபோர்னியக் கடற்கரையின் பால்போவாவில் இருந்த ராந்தெவூ நடன அரங்கில், ஆயிரக்கணக்கான இளைஞர்கள் முன் வாசித்தவர் அவர். 1962இல் அவர் வெளியிட்ட மிசர்லூ என்ற இசைத்துணுக்கை, பல்ப் ஃபிக்‌ஷன் திரைப்படத்தின் தொடக்கத்தில் கேட்டவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஃபெண்டர் கொடுத்த ஆம்ப்களையும் ஸ்பீக்கர்களையும் டேல் ஒன்றன்பின் ஒன்றாகப் பொசுக்கினார். டஜன் கணக்கில் என்று அவரே பின்னாளில் சொல்லிவந்தார். பட்டறையில் நன்றாக உழைக்கும் பெட்டி அரங்கில் ஏன் சாகிறது என்பது ஃபெண்டருக்கு விளங்கவில்லை. உதவியாளர் ஃப்ரெடி டவாரெஸை அழைத்துக்கொண்டு, ஓர் இரவு அந்தக் கூட்டத்தின் நடுவே போய் நின்றார். மனித உடல்கள் ஒலியை எப்படி விழுங்குகின்றன, அந்தக் கடலைத் தாண்டிச் செல்லக் கலைஞர் தம் கருவியை ஏன் கொடுமைப்படுத்துகிறார் என்பது அங்கே புரிந்தது. பெரிய டிரான்ஸ்ஃபார்மரும் 15 அங்குல ஸ்பீக்கரும் கொண்ட ஷோமேன் ஆம்ப்கள் அதன் விளைவு.

கிட்டார் வாசிக்கத் தெரிந்தவராக இருந்திருந்தால், டேல் வாசிக்கும் முறைதான் தவறு என்று ஃபெண்டர் சொல்லியிருக்கக்கூடும். தெரியாததால் போய்ப் பார்த்தார். என் ஊகம்தான் இது.

1965 ஜனவரியில், தீராத நோய்த்தொற்றால் நலிந்து, நெடுநாள் வாழப்போவதில்லை என்று எண்ணி, நிறுவனத்தை சிபிஎஸ் ஒளிபரப்புக் குழுமத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார். சில ஆண்டுகளில் வேறொரு மருத்துவரின் சிகிச்சையில் நோய் குணமானது. நிறுவனம்தான் குணமாகவில்லை.

புதிய முதலாளிகள் காலத்தோடு ஓட முயலவில்லை என்று சொல்ல முடியாது. 1966இலேயே டிரான்சிஸ்டர் ஆம்ப்களை வெளியிட்டார்கள். அவை பழுதாயின, ஒலியும் கலைஞர்களுக்குப் பிடிக்கவில்லை. அவற்றின் தரத்தை ஏற்க மறுத்துத் தொழிற்சாலை மேலாளர் ஃபாரஸ்ட் ஒயிட் வெளியேறினார். 1970களில் ட்வின் ரிவெர்ப் ஆம்பின் திறனை 135 வாட் வரை உயர்த்தி, இன்னும் உரத்த, இன்னும் தெளிவான ஒலியைத் தந்தார்கள். கலைஞர்கள் தேடியதோ எளிதில் கரகரக்கும் பழைய பெட்டிகளை. அதே கலிஃபோர்னியாவில் ராண்டல் ஸ்மித் என்ற மெக்கானிக், சிறிய ஃபெண்டர் பிரின்ஸ்டன் ஆம்ப்களை வாங்கி உள்ளே மாற்றியமைத்து, மேசா பூகி என்ற நிறுவனத்தையே எழுப்பினார். ராந்தெவூ அரங்குக்குப் போய் நின்றதைப்போல யாரேனும் ஸ்மித்தின் பட்டறைக்குப் போயிருந்தால், அந்த வணிகம் வீட்டைவிட்டுப் போயிருக்காது.

ஃபெண்டரோ போட்டித் தொழில் செய்வதில்லை என்ற பத்தாண்டு ஒப்பந்தம் முடிந்ததும், 1975இல் மியூசிக் மேன் நிறுவனத்தின் தலைவரானார். அதன் ஆம்ப்களில் முன்பகுதிக்கு டிரான்சிஸ்டர், இறுதிப் பெருக்கத்துக்கு வால்வு. வால்வே தெய்வம் என்று வாதிடுவோர் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள். பின்னர் ஜார்ஜ் ஃபுல்லர்ட்டனுடன் ஜி அண்ட் எல் நிறுவனத்தைத் தொடங்கினார். பார்க்கின்சன் நோய் முற்றிய நிலையிலும் பட்டறைக்கு வந்து, பிக்கப்களைத் திருத்திக்கொண்டிருந்தார். இறப்பதற்கு முந்தைய நாளும் வேலைக்கு வந்தார் என்கிறார்கள். 1991 மார்ச் 21 அன்று காலமானார்.

அவர் விற்ற நிறுவனத்தை 1985இல் அதன் ஊழியர் குழு ஒன்று மீட்டெடுத்து, 1990இல் பழைய பேஸ்மேனை மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. விற்பனைக்கு ஏக்கம் நல்ல சரக்கு. ஆனால், 1998இல் லைன் 6 நிறுவனத்தின் பாட் என்ற கைக்கடக்கமான கருவி, பல ஆம்ப்களின் குரலை எண்ணிம முறையில் நடித்துக் காட்டியபோது, அந்த ஏக்கத்தின் எல்லை தெரிந்துவிட்டது. இன்றைய கலைஞர் வாசிப்பது படுக்கையறையில், காதில் ஹெட்ஃபோனுடன். மேடையிலோ ஒலிப்பொறியாளர் அளவைக் குறைக்கச் சொல்கிறார். வால்வுகளும் ரஷ்யா, சீனா, ஸ்லோவாகியா என்று சில நாடுகளின் ஆலைகளிலிருந்தே வருகின்றன. 2022இல் உக்ரைன் போரை ஒட்டி ரஷ்யாவிலிருந்து வரத்து தடைபட்டபோது விலை எகிறியது.

2019இல் ஃபெண்டர் நிறுவனம் டோன் மாஸ்டர் வரிசையை வெளியிட்டது. வெளித்தோற்றம் 1960களின் ட்வின் ரிவெர்ப். உள்ளே வால்வுக்கு மாற்றாகக் கணினிச் சில்லு. எடை ஏறக்குறைய பாதி, சுமார் 15 கிலோ. அதைவிட முக்கியமாக, கரகரப்பின் தன்மை மாறாமல் ஒலியை வீட்டுக்கேற்ற அளவுக்குத் தணிக்க ஒரு திருகி. முதுகு வலியையும் அண்டைவீட்டாரையும் கணக்கில் கொண்ட வடிவமைப்பு. ராந்தெவூவுக்குப் போன மனிதர் இதைத் துரோகம் என்று கருதியிருப்பார் என நான் நம்பவில்லை.

எனக்குள்ள மனக்குறை வேறு. 1960களின் ஃபெண்டர் ஆம்ப் ஒன்று இன்று ஊமையானால், சூட்டுக்கோல் பிடிக்கத் தெரிந்த ஒருவர் அதை எழுப்பிவிடலாம். சில்லும் மென்பொருளும் நிறைந்த பலகை இருபது ஆண்டுகள் கழித்து நின்றுபோனால், மதுரைப் பெரியவரைப் போன்ற ஒருவர் திறந்து பார்ப்பதற்கு உள்ளே என்ன இருக்கும்? அந்தப் பலகையை அன்றைக்கும் நிறுவனம் விற்குமா, வரைபடத்தைத் தருமா? வால்வா, சில்லா என்று வழக்காடுபவர்கள் இதைக் கேட்பதில்லை. பழுது பார்க்கும் கடையில் பிறந்த பெயர் அது.

நான் பயன்படுத்தும் ஆம்ப் இப்போது ஒரு மூலையில் துணி போர்த்திக் கிடக்கிறது. பெரியவர் மறைந்துவிட்டார், அவருடைய கடையில் இன்று கைப்பேசி உறைகள் விற்கிறார்கள். உள்ளே ஒட்டிய தாள் மட்டும் ஓரம் மஞ்சளித்து, எழுத்து அழியாமல் இருக்கிறது.