பூபேன் கக்கர்

தறியொலி ஓயாத குமாரபாளையத்தில் வாழும் நமக்கு அச்சுப்படம் புதியதன்று. லுங்கியின்மேல் ஒட்டிய வணிகச் சீட்டிலும், மளிகைக் கடையார் தரும் நாட்காட்டியிலும், தீப்பெட்டியின் முகப்பிலும் அதனை நாள்தோறும் காண்கின்றோம். கண்டும் காணாதவராய்க் கழிகின்றோம். இத்தகைய படங்களையும், அவை தொங்கும் சிறு கடைகளையும் கலைக்குரிய பொருளெனத் துணிந்து கைக்கொண்டவர் ஒருவர் நம் நாட்டில் இருந்தார். தூரிகைத் தொழிலை முறையாகக் கற்றவரல்லர்; கணக்கெழுதிப் பிழைத்தவர். அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

பூபேன் கக்கர் 1934 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 10 ஆம் நாள் பம்பாயில் ஒரு குஜராத்திக் குடும்பத்தில், மக்கள் நால்வருள் இளையவராய்த் தோன்றினார். நான்கு வயதிலேயே தந்தையாரை இழந்தார். அக்குடும்பத்தினின்று பல்கலைக்கழகம் புக்க முதல்வர் இவரே. பொருளியலும் வணிகவியலும் பயின்று பட்டயக் கணக்கரானார். குடும்பத்தார் விரும்பத்தக்க உறுதியான தொழில் கைவந்தது. ஆயினும் உள்ளம் ஓவியத்தையே நாடிற்று. 1958 இல் ஓவியர் குலாம் முகம்மது ஷேக்கின் நட்பு வாய்த்தது. அவர் ஊக்கியவாறே, 1962 இல் பரோடா சென்று, அங்குள்ள பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் பிரிவில் கலைத் திறனாய்வு கற்கலானார். கணக்குத் தொழிலையும் அவர் கைவிடவில்லை. ஒரு வேளை பேரேடு, மறு வேளை தூரிகை என்று நெடுங்காலம் வாழ்ந்தார்.

மேல்நாட்டில் அப்போது ஒரு புதிய கலைநெறி பரவி வந்தது. அதனைப் பாப் கலை என்பர். அமெரிக்காவில் ஆண்டி வார்ஹோல் என்பார் 1962 இல் கடைச் சரக்கான சூப்புத் தகரக் குவளைகளை வரைந்து காட்சிக்கு வைத்தார். அவ்வாண்டிலேயே, துணிக்குப் பூ அச்சிடுவோர் கையாளும் ஸ்கிரீன் அச்சு முறையையும் தம் கலைக்கு எடுத்துக்கொண்டார். சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய துணியின் வழியே சாயத்தை வழித்து இறக்கும் அம்முறையால், ஒரே உருவைப் பலமுறை பதிக்கலாம்.

இச்செய்திகளை அறிந்த கக்கர், அயல்நாட்டுத் தகரக் குவளையைத் தாமும் வரைய முற்படவில்லை. நம் கடைவீதியில் உள்ளது யாது என்று நோக்கினார். இரவி வர்மா 1894 இல் பம்பாயில் அச்சகம் நிறுவிய பின்னர், வண்ணத் தெய்வப் படங்கள் எளியோர் குடிலையும் எட்டின. கற்றோர் பலர் அவற்றைக் கலையென மதித்திலர். கக்கரோ அத்தகைய படங்களை வெட்டிக் கண்ணாடிமேல் ஒட்டி, சுவர்க்கிறுக்கல் போன்ற கோடுகளையும் சேர்த்து, 1965 இல் பம்பாய் ஜகாங்கீர் கலைக்கூடத்தில் வைத்தார். சந்தைச் சரக்கு கலைக்கூடம் ஏறிற்று.

அடுத்த பத்தாண்டில் அவர் கண் அப்படங்களினின்று அவற்றை மாட்டி வைத்த மனிதர்பால் சென்றது. கடிகாரம் பழுதுபார்ப்பவர், தையற்காரர், முடிதிருத்துவோர் ஆகியோரைக் கடைப் பலகையின் வண்ணங்களாலேயே வரைந்தார். ‘ஜனதா வாட்ச் ரிப்பேரிங்’, ‘டீலக்ஸ் டெய்லர்ஸ்’ என்னும் இரண்டும் 1972 இல் எழுந்தவை. பிளாஸ்டிக் பூச்செண்டு ஏந்திய மனிதன் ஒருவனையும் தீட்டினார். அவர் வரைந்த உடல்கள் விறைப்பானவை. பயிற்சிக் குறை வெளிப்படையாகவே தெரியும். எனினும் ஏளனம் அங்கில்லை. வார்ஹோலின் குவளைக்கு அருகில் மனிதர் எவரும் இல்லை; கக்கரின் கடிகாரத்துக்கோ அதனால் பிழைக்கும் ஒருவர் உண்டு. இவர்தம் தனிச் சிறப்பு இதுவே என்று நாம் கருதுகின்றோம்.

பிறர் வாழ்வை மறையாது காட்டியவர் தம் வாழ்வை நெடுநாள் மறைத்தே இருந்தார். ஆடவரிடத்தே தமக்குண்டான காதலை, தாயார் மறைந்த பின்னரே தம் ஓவியங்களில் வெளிப்படையாக்கினார். 1981 இல் வரைந்த படம் ஒன்றுக்கு, எல்லோரையும் மகிழ்விக்க இயலாது என்னும் பொருள்படப் பெயரிட்டார். பழிச்சொல்லுக்கு அஞ்சி ஒடுங்குவது எளிது; அவர் அரியதைத் தேர்ந்தார்.

அச்சுப்படங்களில் தொடங்கிய அவர் பின்னர்த் தாமே அச்சும் செதுக்கினார். 1989 இல் சல்மான் ருஷ்தியின் இரு கதைகள் அடங்கிய நூலுக்கு மரத்திலும் லினோலியத்திலும் படங்கள் வெட்டினார். அக்கதைகளுள் ஒன்று, அரசு தரும் இலவச வானொலிப் பெட்டியை நம்பிக் காத்திருக்கும் ரிக்‌ஷாக்காரனைப் பற்றியது. இவர் கைக்கு இயல்பாகவே உரிய பொருள் அது.

1984 இல் பத்மசிறீ விருது வந்தது. 2003 ஆகஸ்டு 8 இல் பரோடாவில் உயிர் நீத்தார். 2016 இல் இலண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடம் இவர் படைப்புகளுக்குப் பெருங்காட்சி நடத்திற்று. அப்போதும் இகழ்ந்தார் உண்டு. மறுத்துப் புகழ்ந்தாரும் உண்டு.

வணிகவியல் பயிலும் நம் மாணவர் பலர், கணக்கேட்டுக்கும் கலைக்கும் தொடர்பில்லை என்று எண்ணக்கூடும். மாலையில் வீடு திரும்பும்போது, பாவோடுவாரின் பட்டறையையும் தையற்கடையின் கத்தரிக்கோலையும் அவர்கள் சற்றே நின்று நோக்குவார்களாக. அவற்றின் அருகே ஒரு மனிதர் அமர்ந்திருப்பார். அவரையும் நோக்கல் வேண்டும்.