புள்ளறிஞர் சலீம் அலி

ஐப்பசித் திங்கள் பிறந்துவிட்டால், நம் திருவனந்தபுரத்து வீட்டுத் தோட்டங்களில் காலையும் மாலையும் ஏறத்தாழ ஆறு மணியளவில் ஓர் இரட்டைச் சீழ்க்கை ஒலி கேட்கும். அதனை எழுப்புவது குட்டை வாலும், பச்சை முதுகும், நீலம் மின்னும் சிறகும், வாலடியில் குங்குமச் சிவப்பும் உடைய ஒரு சிறு பறவை. நம் நாட்டுப்புறத்தார் அதற்கு ஆறுமணிக் குருவி எனப் பொருத்தமாகப் பெயரிட்டனர். வடநாட்டிலும் இமயத்தின் அடிவாரத்திலும் பிறந்து, குளிர்காலத்தைக் கழிக்கத் தெற்கே வரும் விருந்தாளி அது. பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டு இந்நகரில் குடியேறிய நமக்கு அக்குருவியின்பால் ஒரு தனிப் பரிவு தோன்றுதல் இயல்பே.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து புகைவண்டி நிலைய எழுத்தனாக இவ்வூருக்கு மாற்றலாகி வந்த எனக்கு முதல் சில ஆண்டுகள் அக்குருவியின் பெயரும் தெரியாது, வரவும் தெரியாது. பொது நூலகத்தில் தற்செயலாகக் கைக்கெட்டிய ஒரு நூலே என் கண்களைத் திறந்தது. அந்நூலை இயற்றிய பெரியாரின் வரலாற்றை நம் சங்க அன்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சலீம் அலி 1896-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 12-ஆம் நாள் பம்பாய் நகரில் பிறந்தார். ஓராண்டு நிரம்பும் பருவத்தில் தந்தையையும், மூன்று வயதில் தாயையும் இழந்தார். தாய்மாமனாகிய அமிருத்தீன் தையப்ஜியும் அவர்தம் துணைவியாரும் அக்குழந்தைகளைத் தம் மக்களெனப் பேணி வளர்த்தனர். மாமன் அளித்த காற்றுத் துப்பாக்கியால் குருவிகளைச் சுடுவதே சிறுவன் சலீமின் விளையாட்டு. ஒருமுறை குதிரை லாயத்துச் சுவரில் கூடுகட்டிய சிட்டுக்குருவியின் ஆணை அவன் சுட்டான். பெட்டை அடைகாத்திருக்க, சில நாழிகையில் வேறோர் ஆண் வந்து காவலில் அமர்ந்தது. அதனையும் சுட்டான். இவ்வாறு ஏழு நாட்களில் எட்டு ஆண்குருவிகள் வீழ்ந்தன. கொடிய விளையாட்டுத்தான், ஆயினும் இழந்த துணையின் இடத்தை மற்றொன்று இத்துணை விரைவில் நிரப்புவதைக் கண்டு வியந்த சிறுவன், அதனை எழுதி வைத்தான். வேடனுக்குள் ஆராய்ச்சியாளன் பிறந்த இடம் வீட்டு லாயமே ஆகும்.

பத்து வயதளவில் அவன் சுட்டு வீழ்த்திய ஒரு குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டு ஒன்று காணப்பட்டது. அது யாதென மாமனுக்கும் விளங்கவில்லை. அவர் உறுப்பினராயிருந்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டு என்னும் ஆங்கிலேயரிடம் சிறுவன் அனுப்பப்பட்டான். அவர் அதனை மஞ்சள் தொண்டைச் சிட்டு என இனங்கண்டதோடு நில்லாமல், பேழைகளைத் திறந்து, பதப்படுத்தி வைத்திருந்த பறவைகளையெல்லாம் அச்சிறுவனுக்குக் காட்டினார். ஒரு பெரியவர் ஒரு சிறுவனுக்காகச் செலவிட்ட சிறிது நேரம், ஒரு நாட்டின் பறவை நூலுக்கே வித்தாயிற்று.

சலீம் அலி 1913-இல் மெட்ரிகுலேஷன் தேர்வில் ஒருவாறு தேறினார். கல்லூரியில் கணிதம் அவரை வாட்டியது. படிப்பை இடைநிறுத்திப் பர்மாவுக்குச் சென்று, தவோய்ப் பகுதியில் குடும்பத்தாரின் சுரங்க, மரத் தொழில்களில் ஈடுபட்டார். ஆங்கும் கணக்கேடுகளைவிடக் காட்டுப் பறவைகளே அவரைக் கவர்ந்தன. 1917-இல் தாயகம் திரும்பி விலங்கியல் பயின்றார். 1918-இல் தெமினா அம்மையாரை மணந்தார். எனினும் பல்கலைக்கழகப் பட்டம் இல்லாத காரணத்தால், இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் அவர் நாடிய பதவி கிட்டவில்லை. 1926-இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் 350 ரூபாய் ஊதியத்தில் விளக்கவுரையாளராக அமர்ந்தார். விடுப்புப் பெற்று ஜெர்மனிக்குச் சென்று, பெர்லினில் ஸ்ட்ரேசமன் என்னும் பேரறிஞரிடம் முறையாகப் பயிற்சி பெற்றார். 1930-இல் திரும்பி வந்தபோது அவ்வேலையும் பணப் பற்றாக்குறையால் நீக்கப்பட்டிருந்தது. முப்பத்து மூன்று வயது. கையில் பட்டமும் இல்லை, பதவியும் இல்லை. மெட்ரிகுலேஷனோடு நின்ற என்போன்றோர்க்கு அந்நிலையின் சுமை சொல்லாமலே விளங்கும்.

செலவைச் சுருக்க எண்ணி, கணவனும் மனைவியும் பம்பாய்க்கு அக்கரையில் உள்ள கிகிம் என்னும் கடலோரச் சிற்றூரில் ஒரு சிறு வீட்டிற்குக் குடிபெயர்ந்தனர். வேலையற்ற அம்மழைக்காலந்தான் அவருக்கு வாய்த்த நற்காலம். வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூட்டமாய்க் கூடுகட்டத் தொடங்கின. மழையில் நனைந்த குரங்குக்கு அறிவுரை கூறித் தன் கூட்டை இழந்த தூக்கணாங்குருவியின் கதையை அறியாத தமிழ்க் குழந்தை இல்லை. ஆயினும் அக்குருவியின் உண்மையான இல்லறக் கதையை அறிந்தோர் அந்நாளில் இலர். ஏணியின் மேல் மறைவிடம் அமைத்து, அதனுள் அமர்ந்து திங்கட்கணக்கில் அவற்றை நோக்கினார் சலீம் அலி. ஆண்குருவி கூட்டைப் பாதியளவு பின்னி நிறுத்துகிறது; பெட்டைகள் வந்து கூடுகளைச் சோதிக்கின்றன; மனத்துக்கிசைந்த கூட்டை ஒரு பெட்டை ஏற்றுக்கொண்ட பின்னரே ஆண் அதனை முடித்துக் கொடுக்கிறது. பெட்டை அடைகாக்க, ஆணோ அடுத்த கூட்டைப் பின்னி அடுத்த பெட்டையை எதிர்நோக்குகிறது. இவ்வுண்மைகளை அவர் 1931-இல் வெளியிட்டபோது அறிஞருலகம் அவரை மதித்து நோக்கியது. வீட்டு வாயிலில் கிடைத்த அறிவே அவருக்குப் பட்டமாயிற்று.

பின்னர்ச் சுதேச சமஸ்தானங்களின் பறவைகளை முறையாகக் கணக்கெடுக்கும் பணியை மேற்கொண்டார். ஐதராபாத்தை முடித்து, 1933-இல் திருவிதாங்கூருக்கும் கொச்சிக்கும் வந்தார். இங்கு முன்னரே திருவனந்தபுரம் அருங்காட்சியகத்தின் பெர்குசனும், வனத்துறையின் போர்டிலனும் பறவைப் பட்டியல் ஒன்றை வகுத்திருந்தனர். அப்பணியைச் சலீம் அலி நிறைவாக்கினார். மறையூர் மலைப்புறமும், பெரியாற்றங்கரைத் தட்டேக்காடும், செங்கோட்டை இருப்புப்பாதையை ஒட்டிய தென்மலையும், கொச்சி வனத் தண்டவாளத்தின் வழியில் இருந்த குரியார்குட்டியும் அவர் கூடாரமிட்ட இடங்களுள் சில. அந்நாளில் கன்னியாகுமரியும் திருவிதாங்கூரைச் சேர்ந்ததாதலின், நம் தமிழ் மண்ணின் பறவைகளும் அக்கணக்கில் இடம்பெற்றன. செல்வக் குடியில் பிறந்த தெமினா அம்மையார் காட்டின் இன்னல்களையெல்லாம் இன்முகத்துடன் ஏற்று உடன் திரிந்தார். அவ்வாய்வின் பயனாய் விளைந்த திருவிதாங்கூர், கொச்சிப் பறவைகள் பற்றிய நூல் 1953-இல் வெளிவந்தது; 1969-இல் கேரளப் பறவைகள் என்னும் பெயரில் மீண்டும் உருப்பெற்றது. அந்நூலைக் காண அம்மையார் இலர். 1939-இலேயே ஒரு சிறு அறுவைச் சிகிச்சையை அடுத்து அவர் மறைந்துவிட்டார். ஆற்றொணாத் துயரில் ஆழ்ந்த சலீம் அலி மறுமணம் நாடவில்லை. பணியையே துணையாகக் கொண்டார்.

1941-இல் வெளிவந்த இந்தியப் பறவைகள் நூல், எளியோரும் தம் தோட்டத்துப் பறவையைப் பெயர் சொல்லி அழைக்க வழிவகுத்தது. நூலகத்தில் என் கைக்கு வந்தது அதுவே. ரிப்ளி என்னும் அமெரிக்க அறிஞருடன் இணைந்து இயற்றிய பத்துத் தொகுதிப் பெருநூல் 1968 முதல் 1974 வரை வெளிவந்தது. பட்டமில்லையென ஒதுக்கப்பட்டவருக்கு அலிகார், தில்லி, ஆந்திரப் பல்கலைக்கழகங்கள் டாக்டர் பட்டம் அளித்துத் தம்மைப் பெருமைப்படுத்திக் கொண்டன. 1958-இல் பத்ம பூஷணும், 1976-இல் பத்ம விபூஷணும் அவரை வந்தடைந்தன. அவ்வாண்டே கிட்டிய 50,000 டாலர் அனைத்துலகப் பரிசை இயற்கைப் பாதுகாப்புப் பணிக்கே ஈந்தார். அமைதிப் பள்ளத்தாக்கைக் காக்க எழுந்த குரல்களுள் அவர் குரலும் ஒன்று. 1984-இல் அது தேசியப் பூங்காவாயிற்று. தட்டேக்காடு 1983-இல் பறவைச் சரணாலயமாகி, இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. கோயம்புத்தூரை அடுத்த ஆனைகட்டியிலும் அவர் பெயரால் ஓர் ஆய்வு நிலையம் உண்டு. 1987-இல், தொண்ணூறு வயது நிறைந்த நிலையில், அப்பெரியார் மறைந்தார்.

அவர் வாழ்வைப் படித்தபின் என் பிழை எனக்கு விளங்கிற்று. முன்னர் நான் குடியிருந்த வாடகை வீட்டில், பலாமரத்தடிச் சருகை நாள்தோறும் கூட்டி எரிப்பதையே தூய்மை எனக் கருதியிருந்தேன். பின்பு முற்றம் முழுவதும் சிமெண்டு பூசப்பட்டபோது, சேறு ஒழிந்ததென மகிழ்ந்தவனும் நானே. அவ்வாண்டு ஆறுமணிக் குருவியின் குரல் அங்குக் கேட்கவில்லை. சருகைப் புரட்டிப் புழு பூச்சிகளைத் தேடி உண்பதே அதன் வாழ்வு என்பதை நூலிற் கண்டபின்னரே காரணம் புலனாயிற்று. அத்துணைத் தொலைவு பறந்து வந்த விருந்தாளிக்கு நாம் இலையே போடவில்லை!

இப்போது வாழும் வீட்டில் பலாமரத்தடியில் ஒரு மூலையைக் கூட்டாது விட்டிருக்கிறேன். பாம்பு வருமென்று என் இல்லத்தாள் அஞ்சியது நியாயமே. ஆதலின் வாயிற்படியினின்று விலகிய மூலையையே தேர்ந்தோம். செம்போத்தும், வால்காக்கையும், தவிட்டுக்குருவிக் கூட்டமும், கீரியும் அங்கு வந்து போகின்றன. இரண்டாம் ஆண்டு ஐப்பசியில் ஒரு மாலை, அவ்விரட்டைச் சீழ்க்கை கேட்டது. நாட்காட்டியில் அந்நாளைக் குறித்து வைத்தது என் இல்லத்தாளே.

சங்கத்துத் தோழர்களே! நம் குழந்தைகளுக்குப் பெரும் பொருள் சேர்த்து வைக்க நம்மில் எல்லோராலும் இயலாது. ஆயினும் ஒரு முழத் தரையைச் சருகோடு விட்டுவைத்து, அங்கு வரும் பறவையின் பெயரையும் வந்த நாளையும் எழுதி வைக்கப் பழக்குதல் எல்லோர்க்கும் இயலும். சலீம் அலி என்னும் பேரறிஞர் தம் கல்வியைத் தொடங்கியதும் அவ்வாறேயன்றோ!