எழுத வராத பெண் 115 நாவல் எழுதினார்!
'சித்தி' படக்கதை தந்த வை.மு.கோதைநாயகி அம்மாள்

1966-ம் ஆண்டில் 'சித்தி' என்ற படம் வெளிவந்தது. பத்மினி, ஜெமினி கணேசன், எம்.ஆர்.ராதா ஆகியோர் நடித்த படம். டைரக்டர் கே.எஸ்.கோபாலகிருஷ்ணன். குடும்பம் குடும்பமாக மக்கள் போய்ப் பார்த்தார்கள். அதில் பி.சுசீலா பாடிய தாலாட்டை இன்றும் ரேடியோவில் கேட்கலாம்.

அந்தப் படத்தின் கதை ஒரு நாவலில் இருந்து எடுக்கப்பட்டது. நாவலின் பெயர் 'தயாநிதி'. எழுதியவர் வை.மு.கோதைநாயகி அம்மாள்.

படம் வந்தபோது அம்மையார் உயிருடன் இல்லை. 6 ஆண்டுகளுக்கு முன்பே காலமாகிவிட்டார்.

தாய் முகம் அறியாதவர்

பூந்தமல்லியில் இருந்து மேற்கே, ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டிக் காஞ்சீபுரம் போகும் வழிப் பக்கம் நீர்வளூர் என்ற கிராமம் இருக்கிறது. அந்தக் காலத்தில் பூந்தமல்லி, அம்பத்தூர், ஆவடி, நீர்வளூர் எல்லாமே செங்கற்பட்டு ஜில்லாதான். நீர்வளூர் வெங்கடாச்சாரியின் மகளாக 1901-ம் ஆண்டு டிசம்பர் 1-ந்தேதி கோதைநாயகி பிறந்தார்.

ஒரு வயதிலேயே தாயை இழந்தார். பாட்டியும் உறவினர்களும் வளர்த்தார்கள்.

ஐந்தரை வயதில் கல்யாணம் நடந்துவிட்டது. கணவர் பெயர் பார்த்தசாரதி. சென்னை திருவல்லிக்கேணியைச் சேர்ந்த அவர் குடும்பத்துக்கு 'வைத்தமாநிதி முடும்பை' என்று பெயர். 'வை.மு.' என்ற எழுத்துக்கள் அதன் சுருக்கமே.

கோதை பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் கதை சொல்லுவதில் கெட்டிக்காரி. குழந்தைகளைச் சுற்றி உட்கார வைத்துப் புதிது புதிதாகக் கதை சொல்லுவார். பெரியவர்களும் வேலையை விட்டுவிட்டுக் கேட்பார்கள்.

தோழி பிடித்த பேனா

கணவருடன் நாடகங்களுக்குப் போய்வந்த கோதைக்குத் தாமும் ஒரு நாடகம் எழுத வேண்டும் என்ற ஆசை பிறந்தது. கோர்வையாக எழுத வரவில்லையே, என்ன செய்வது?

பட்டம்மாள் என்ற தோழி உதவிக்கு வந்தார். கோதை வாயால் சொல்லச் சொல்ல, தோழி எழுதினார். 'இந்திர மோகனா' என்ற நாடகம் இப்படித்தான் உருவாயிற்று. பிறகு அந்தத் தோழியிடமே எழுதக் கற்றுக்கொண்டார்.

வயது வந்த பிறகு எழுதப் பழகிய அந்தக் கை, பின்னாளில் 115 நாவல்களை எழுதியது!

1925-ம் ஆண்டில் 'ஜகன்மோகினி' என்ற பத்திரிகையை அம்மையார் ஏற்று நடத்தத் தொடங்கினார். ஒரு பெண் பத்திரிகை நடத்துவதா என்று கேலி பேசியவர்கள் உண்டு. அம்மையார் கலங்கவில்லை. கணவர் பக்கபலமாக நின்றார். சுமார் 35 ஆண்டுகள் அந்தப் பத்திரிகையோடு அவர் வாழ்ந்தார்.

'ஜகன்மோகினி'யில் தொடர்கதைகள் வந்தன. மாமியார் கொடுமை, வரதட்சணை, விதவையின் துயரம், குடியால் கெட்ட குடும்பம் – இவைதான் அவர் எடுத்துக்கொண்ட விஷயங்கள். எல்லாம் நம் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் நடப்பவை. படிக்கத் தெரிந்த ஒருத்தி உரக்கப் படிக்க, மற்றப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து கேட்கும் காலம் அது.

காந்தியடிகளைக் கண்டபின் பட்டையும் நகையையும் விட்டுக் கதர் உடுத்தினார். விடுதலைப் போரில் சிறை சென்றார். சிறையிலும் கதை எழுதினார். கணவர் வெளியே பத்திரிகையைக் கவனித்துக்கொண்டார்.

கதை படமாகிறது

1931-ம் ஆண்டில் தமிழ்ப் படம் பேச ஆரம்பித்தது. முதலில் வந்தவற்றில் பெரும்பாலானவை புராணக் கதைகள். 1935-ல் வடுவூர் துரைசாமி அய்யங்காரின் 'மேனகா' நாவல் படமாயிற்று. பட முதலாளிகளின் பார்வை நாவல்கள் பக்கம் திரும்பியது. மக்கள் ஏற்கனவே படித்து ரசித்த கதை என்றால் கூட்டம் வரும் அல்லவா?

அம்மையாரின் 'ராஜமோகன்' 1937-ல் படமாக வந்தது. அடுத்த ஆண்டு 'அநாதைப் பெண்' நாவலை ஜுபிடர் பிக்சர்ஸ் படமாக எடுத்தது. தமிழ்ப் பெண் ஒருவர் எழுதிய நாவல் திரைக்குப் போவது அப்போது புதுமை.

நாவல் வேறு, சினிமா வேறு. தொடர்கதையில் ஒரு குடும்பத்தின் கதையை மாதக்கணக்கில் சொல்லலாம். கிளைக் கதைகள் எத்தனை வேண்டுமானாலும் வரலாம். சினிமாவில் 3 மணி நேரத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும். கிளைகளை வெட்ட வேண்டும். பாட்டும் சிரிப்பும் சேர்க்க வேண்டும். கதையின் உயிர் மட்டும் கெடாமல் இருந்தால், அதுவே எழுதியவருக்கு வெற்றி.

'சித்தி' படத்தில் அந்த உயிர் எது? பழைய கதைகளில் சித்தி என்றாலே கொடுமைக்காரி. இந்தப் படத்தின் கதாநாயகி அப்படி அல்ல. தம்பியின் படிப்புக்காகத் தன் காதலைத் துறக்கிறாள். மனைவியை இழந்த, வயது முதிர்ந்த ஒருவருக்கு வாழ்க்கைப்படுகிறாள். அவருடைய குழந்தைகளுக்குத் தாயாகவே ஆகிவிடுகிறாள். ஒரு வயதில் தாயை இழந்தவர் எழுதிய கதை இது என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

காணாத வெற்றி

அம்மையாருக்கு ஒரே மகன் சீனிவாசன். 1956-ம் ஆண்டில் அவர் இறந்தார். அந்தத் துயரம் தாயைச் சாய்த்துவிட்டது. காசநோயும் பற்றியது. 1960-ம் ஆண்டு பிப்ரவரி 20-ந்தேதி அம்மையார் மறைந்தார்.

'சித்தி' படத்துக்காகச் சிறந்த கதாசிரியர் விருது அவருக்குக் கிடைத்தது. வாங்கத்தான் அவர் இல்லை. அந்தப் படம் தெலுங்கிலும் எடுக்கப்பட்டது. 1967-ல் இந்தியில் 'அவுரத்' என்ற பெயரில் வந்தது. அதிலும் பத்மினியே நடித்தார்.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 2022-லும் 2023-லும் இரண்டு பாகங்களாகப் படமாக வந்தபோது, ஊரெங்கும் கல்கியின் பெயர் பேசப்பட்டது. கோதைநாயகி அம்மாளுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. படம் நினைவில் இருக்கிறது. பாட்டு நினைவில் இருக்கிறது. கதை எழுதியவரின் பெயர் பலருக்குத் தெரியாது.

ஆனால் ஒன்று. எழுத வராத காலத்தில் அவர் வாயால் கதை சொன்னார். எழுதத் தெரிந்தபின் நாவலாகத் தந்தார். சினிமா வந்து, அதே கதைகளை எழுத்தே அறியாதவர்களின் கண்ணுக்கும் காதுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அடுத்த முறை 'சித்தி' படத்தை டெலிவிஷனில் போட்டால், நீர்வளூர் கோதையையும் வீட்டில் உள்ளவர்களுக்குச் சொல்லுங்கள்.