மண்ணைப் படித்த தளபதி

நுழையும்முன்

நிலத்தில் படிந்துள்ள மண்ணடுக்குகளை ஒருமுறை தோண்டிவிட்டால், அவற்றை முன்பிருந்த வரிசையில் மீண்டும் அடுக்கிவைக்க எவராலும் இயலாது. அகழாய்வு பழமையை வெளிக்கொணர்கிறது. அதே நேரத்தில் அப்பழமை புதைந்திருந்த சூழலை அழித்தும் விடுகிறது. அவ்வழிவுக்கு ஈடாக அகழ்பவர் தரக்கூடியது பிழையற்ற பதிவு ஒன்றே. இவ்வுண்மையை உணர்ந்து, தமக்கு உரிமையாக வந்த பெரும்பண்ணையையே ஆய்வுக்களமாக மாற்றிய ஆங்கிலேயத் தளபதி பிட் ரிவர்ஸ். அவருடைய வாழ்க்கையை இப்பாடம் விளக்குகிறது.

பொழுதுபோக்காக இருந்த அகழ்வு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் நாட்டுப்புற மாளிகைகளில் வாழ்ந்த பெருநிலக்கிழார்கள், தம் நிலங்களில் காணப்பட்ட பழங்காலப் புதைமேடுகளைத் திறந்து பார்ப்பதை ஒரு பொழுதுபோக்காகக் கொண்டிருந்தனர். வேலையாள்கள் சிலர் மேட்டின் நடுவே குழி தோண்டுவர். அழகிய தாழியோ வெண்கல வாளோ கிடைத்தால், அது மாளிகையின் கூடத்தை அணிசெய்யும். உடைந்த பானையோடுகளும் விலங்கெலும்புகளும் வெளியே எறியப்படும். எந்தப் பொருள் எந்த ஆழத்தில், எதனருகே கிடைத்தது என்பதைக் குறித்துவைத்தோர் மிகச் சிலரே. நிலம் உரிமையாளருக்குச் சொந்தம். ஆகவே நிலத்தின் அடியில் இருப்பதும் அவருக்கே சொந்தம் என்ற எண்ணம் வேரூன்றியிருந்தது. இந்த எண்ணத்தை ஒரு நிலக்கிழாரே மாற்ற முன்வந்தார்.

இளமையும் படைப்பணியும்

அகஸ்டஸ் ஹென்றி லேன் ஃபாக்ஸ் என்னும் இயற்பெயருடைய பிட் ரிவர்ஸ், 1827ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் இங்கிலாந்தின் யார்க்சைர் பகுதியில் பிறந்தார். சாண்ட்ஹர்ஸ்ட் படைக்கல்லூரியில் பயின்று, 1845இல் கிரனேடியர் காவற்படையில் அதிகாரியாகச் சேர்ந்தார். 1854இல் கிரிமியப் போரின்போது ஆல்மா களத்தில் பங்கேற்றார். ஆயினும், அவருடைய சிந்தனையை உருவாக்கியது போர்க்களம் அன்று. துப்பாக்கிகளைச் சோதிக்கும் பணியே.

படையினருக்கு ஏற்ற புதிய துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பதற்காகப் பலவகைத் துப்பாக்கிகளை ஒப்பிட்டு ஆராயும் பொறுப்பு அவருக்கு அளிக்கப்பட்டது. அப்போது ஓர் உண்மை அவருக்குப் புலப்பட்டது. எந்தத் துப்பாக்கியும் திடீரெனத் தோன்றியதன்று. ஒவ்வொன்றும் அதற்கு முந்தையதிலிருந்து மிகச்சிறிய மாற்றம் ஒன்றால் மட்டுமே வேறுபட்டிருந்தது. அத்தகைய சிறு மாற்றங்கள் தொடர்ந்து சேர்ந்தே பெரிய முன்னேற்றமாகக் காட்சியளித்தன. துப்பாக்கிக்குப் பொருந்தும் இவ்விதி வில், ஈட்டி, படகு, பானை என மனிதர் படைத்த எல்லாப் பொருள்களுக்கும் பொருந்தக்கூடும் என்று அவர் கருதினார். அன்றுமுதல் உலகின் பல பகுதிகளைச் சேர்ந்த கருவிகளை வாங்கி, வடிவ ஒற்றுமையின் அடிப்படையில் வரிசைப்படுத்தத் தொடங்கினார். 1859இல் வெளிவந்த சார்லஸ் டார்வினின் உயிரினத் தோற்றம் பற்றிய நூல் அவருடைய எண்ணத்துக்கு வலுவூட்டியது. அயர்லாந்திலும் சசெக்ஸ் குன்றுகளிலும் பழங்கோட்டைகளை ஆராய்ந்து அகழ்வுப் பயிற்சியும் பெற்றார். 1876இல் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

எதிர்பாராத உரிமை

1880ஆம் ஆண்டு அவருடைய வாழ்க்கையில் பெருந்திருப்பம் நேர்ந்தது. தமக்கு முன்னுரிமை பெற்றிருந்த உறவினர் பலர் அடுத்தடுத்து மறைந்தமையால், ரிவர்ஸ் பிரபுவின் ரஷ்மோர் பண்ணை அவருக்கு உரியதாயிற்று. வில்ட்சைர், டார்செட் ஆகிய மாவட்டங்களின் எல்லையில் 25,000 ஏக்கருக்கும் மேலாக அது பரந்திருந்தது. பிட் ரிவர்ஸ் என்னும் குடும்பப் பெயரை ஏற்க வேண்டும் என்பது உரிமையோடு வந்த நிபந்தனை. அப்பெயராலேயே அவர் வரலாற்றில் நிலைபெற்றார்.

பண்ணை அமைந்திருந்த கிரான்போர்ன் சேஸ் பகுதி, நெடுங்காலம் மன்னரும் பிரபுக்களும் மான்வேட்டையாடிய காடு. வேட்டைக்காக ஒதுக்கப்பட்டிருந்தமையால் அதன் பல பகுதிகளில் ஏர் புகவில்லை. அதனால் பிற இடங்களில் உழவால் மறைந்துபோன மேடுகளும் பள்ளங்களும் அகழிகளும் இங்கு நிலத்தின்மேல் தெளிவாகத் தெரிந்தன. நாட்டின் பழமை தம் காலடியில் புதைந்துகிடப்பதைப் பிட் ரிவர்ஸ் கண்டார். நிலம், செல்வம், வேலையாள்கள், ஓய்வு ஆகிய நான்கும் அவரிடம் இருந்தன. அவற்றை எல்லாம் ஒரே நோக்கத்துக்குப் பயன்படுத்த அவர் முடிவுசெய்தார்.

படைமுறை ஒழுங்கில் அகழாய்வு

உட்கட்ஸ், ராதர்லி ஆகிய இடங்களில் ரோமானியர் ஆட்சிக்காலத்தில் வாழ்ந்த உள்ளூர் உழவர்களின் குடியிருப்புகளை அவர் அகழ்ந்தார். அரண்மனைகளையோ கோவில்களையோ தேடாமல், பெயர் தெரியாத எளிய மக்களின் தானியக் குழிகளையும் கிணறுகளையும் ஆராய்ந்தது அக்காலத்தில் புதுமையாகும். மேட்டின் நடுவே ஒரு குழி தோண்டும் வழக்கத்தைக் கைவிட்டு, குடியிருப்பின் பரப்பை விரிவாகத் திறந்து ஆராய்ந்தார்.

இப்பணிக்கு ஊதியம் பெறும் உதவியாளர்களை அமர்த்தினார். நிலத்தை அளப்பது, வரைபடம் வரைவது, எலும்புகளை அளவிடுவது முதலிய பணிகளில் அவர்களுக்குப் பயிற்சியளித்தார். கிடைத்த பொருள் ஒவ்வொன்றின் இடமும் ஆழமும் பட்டியலில் ஏறின. அரிய பொருளைவிட அன்றாடப் பொருளே வரலாற்றுக்கு மிகுதியும் உதவும் என்பது அவருடைய உறுதியான கொள்கை. பொன்னணி ஒரு செல்வரைப் பற்றிக் கூறும். பானையோடோ ஓர் ஊரின் உணவு, வணிகம், காலம் ஆகிய அனைத்தையும் கூறும். ஆதலால், முந்தையோர் எறிந்த ஓடுகளை அவர் எண்ணி வகைப்படுத்தினார். பழங்கால ஆடு, மாடு, குதிரை முதலியவற்றின் உருவளவை அறிய, தம் காலத்து விலங்குகளின் எலும்புகளை அளந்து அவற்றோடு ஒப்பிட்டார்.

சிறுபொருளின் பெருமைக்குப் போக்கர்லி டைக் என்னும் நீண்ட மண்ணரண் சான்றாகும். அதை அவர் வெட்டி ஆராய்ந்தபோது, அரணின் மண்ணுள் ரோமானிய நாணயங்கள் கிடைத்தன. நாணயம் வெளியிடப்பட்ட காலத்துக்குப் பின்னரே அது மண்ணில் விழுந்திருக்க முடியும். எனவே அந்த அரண், ரோமானியர் வருகைக்கு முற்பட்டதன்று. ரோமானியர் காலத்தின் பிற்பகுதியையோ அதற்குப் பிந்தைய காலத்தையோ சார்ந்தது என்று அவர் நிறுவினார். கையளவு நாணயங்கள் கல்தொலைவு கணக்கில் நீண்ட ஓர் அரணின் காலத்தைத் தீர்மானித்தன.

1893இல் ரஷ்மோர் மாளிகைப் பூங்காவுக்குள்ளேயே இருந்த சவுத் லாட்ஜ் கேம்ப் என்னும் சதுர வடிவ மண்கோட்டையை ஆராய்ந்தார். அதன் அகழியின் மேலடுக்கில் ரோமானியர் காலப் பானையோடுகளும் அடிப்பகுதியில் வெண்கலப் பொருள்களும் கிடைத்தன. மேலே கிடைப்பது பிந்தையது, கீழே கிடைப்பது முந்தையது என்னும் மண்ணடுக்கு விதியைக் கொண்டு, அக்கோட்டை வெண்கலக் காலத்தது என்று முடிவுசெய்தார்.

வருங்காலத்துக்கு விடுத்த செய்தி

வோர் பாரோ என்னும் புதிய கற்காலப் புதைமேட்டை அகழ்ந்தபோது, அதைச் சூழ்ந்த ஆழமான அகழியை அவர் உடனே மூடவில்லை. மழையாலும் பனியாலும் அதன் கரைகள் எவ்வாறு சரிகின்றன, அடியில் மண் எவ்வளவு விரைவாகச் சேர்கிறது என்பதை அறியத் திறந்தே வைத்தார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் அதே இடத்தை மீண்டும் தோண்டி அளந்தார். பழங்காலத்தை அறிய நிகழ்காலத்தில் சோதனை செய்யும் ஆய்வுமுறைக்கு இது முன்னோடியாக அமைந்தது.

அகழ்ந்த குழிகளை மூடும்போது, தம் பெயர் பொறித்த சிறு உலோகப் பதக்கங்களை அடியில் இட்டுவைத்தார். பின்னாளில் அங்குத் தோண்டுவோர், இவ்விடம் முன்பே ஆராயப்பட்டது என்று அறிந்துகொள்வதற்கான ஏற்பாடு அது. தம் ஆய்வு முடிவுகளை 1887 முதல் 1898 வரை நான்கு பெருந்தொகுதிகளாகத் தம் சொந்தச் செலவில் அச்சிட்டார். தமக்குப் பயனற்றவையாகத் தோன்றிய விவரங்களையும் அவற்றில் சேர்த்தார். இன்று எழாத வினா நாளை எழக்கூடும். அதற்கான விடை பதிவில் இருக்க வேண்டும் என்பதே அவர் கருத்து.

மக்களுக்காகத் திறந்த பூங்கா

அறிவு கற்றவர்க்கு மட்டும் உரியதாக இருத்தலாகாது என்று பிட் ரிவர்ஸ் எண்ணினார். பண்ணைக்கு உட்பட்ட ஃபார்ன்ஹம் என்னும் சிற்றூரில் ஓர் அருங்காட்சியகம் அமைத்தார். அகழாய்வுக் களங்களின் மர மாதிரிகள், உழவுக்கருவிகள், கைவினைப் பொருள்கள் முதலியன அங்குக் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஊர்ப்புறத்து உழைப்பாளர்களை அங்கு வரவழைக்க அவர் கண்ட வழி ஒரு பூங்கா. லார்மர் ட்ரீ என்னும் பழமையான எல்லைமரம் நின்ற இடத்தில் 1885இல் அப்பூங்காவைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். அங்கு நுழைவுக் கட்டணம் இல்லை. உணவு உண்பதற்கான தட்டுகளும் கரண்டிகளும் இலவசமாக அளிக்கப்பட்டன. பண்ணைப் பணியாளர்களைக் கொண்ட இசைக்குழு ஞாயிற்றுக்கிழமைகளில் இசைத்தது. 1899ஆம் ஆண்டில் மட்டும் 44,000க்கும் மேற்பட்டோர் அப்பூங்காவுக்கு வருகைபுரிந்தனர்.

இதற்கு முன்னரே, தாம் திரட்டிய 20,000க்கும் மேற்பட்ட பொருள்களை ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துக்கு வழங்கியிருந்தார். அக்கொடையால் 1884இல் நிறுவப்பட்ட பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகம் இன்றும் புகழ்பெற்று விளங்குகிறது.

தெரிந்து தெளிவோம்

பிரிட்டனில் பழஞ்சின்னங்களைக் காக்கும் முதல் சட்டம் 1882இல் இயற்றப்பட்டது. அதன்கீழ் முதல் ஆய்வாளராகப் பிட் ரிவர்ஸ் அமர்த்தப்பட்டார். நில உரிமையாளர் தாமாக இசைந்தாலன்றி எந்தச் சின்னத்தையும் அரசு தன் பாதுகாப்பில் எடுத்துக்கொள்ள அச்சட்டம் இடமளிக்கவில்லை. புகழ்பெற்ற ஸ்டோன்ஹெஞ்ச் கற்சின்னத்தின் அந்நாளைய உரிமையாளர்கூட இசைவு தரவில்லை. ஆகவே பிட் ரிவர்ஸ் நாடெங்கும் பயணம் செய்து உரிமையாளர்களை நேரில் சந்தித்து இசைவு பெற முயன்றார்.

நிறையும் குறையும்

பிட் ரிவர்ஸின் கருத்துகள் அனைத்தும் காலத்தை வென்று நிற்கவில்லை. கருவிகளை எளியதிலிருந்து சிக்கலானது வரை வரிசைப்படுத்தியதைப்போல, மனித இனங்களையும் ஓர் ஏணியின் படிகளில் வரிசைப்படுத்தலாம் என்று அவர் நம்பினார். ஐரோப்பியர் மேற்படியில் இருப்பதாகக் கருதிய அந்நம்பிக்கை, பேரரசுக் காலத்தின் செருக்கிலிருந்து பிறந்தது. இன்றைய மானுடவியல் அதை முற்றிலும் மறுக்கிறது. அவர் பெயர்தாங்கிய ஆக்ஸ்போர்டு அருங்காட்சியகமே 2020இல் மனித உடற்பகுதிகளைக் காட்சியிலிருந்து அகற்றியது.

அவருடைய அகழாய்விலும் குறைகள் இருந்தன. சவுத் லாட்ஜ் கேம்ப்பை 1970களின் பிற்பகுதியில் மீண்டும் ஆராய்ந்த தொல்லியலாளர்கள், அவர் காணத் தவறிய மரத்தூண் வீடுகளின் தடயங்களைக் கண்டறிந்தனர். ஆனால், அவர் எங்கே தோண்டினார், என்ன கண்டார் என்பதை அவருடைய வரைபடங்களே அவர்களுக்குக் காட்டின. தம் பிழையைப் பிறர் திருத்துவதற்கான சான்றையும் அவரே விட்டுச்சென்றிருந்தார்.

அரிக்கமேடு வரை

நீரிழிவால் நலிவுற்றபோதும் பணியைத் தொடர்ந்த பிட் ரிவர்ஸ், 1900ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் ரஷ்மோரில் மறைந்தார். அவருடைய விருப்பப்படி உடல் எரியூட்டப்பட்டது. ஃபார்ன்ஹம் அருங்காட்சியகம் இருபதாம் நூற்றாண்டில் மூடப்பட்டது; அங்கிருந்த பொருள்களுள் பல விற்கப்பட்டு உலகெங்கும் சிதறின. எனினும், ஒவ்வொரு பொருளையும் வண்ணப்படத்துடன் விவரிக்கும் ஒன்பது தொகுதி அட்டவணை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. சிதறிய பொருள்களை ஆய்வாளர்கள் இன்று அடையாளம் காண்பது அதன் துணையாலேயே. களங்களின் மர மாதிரிகளும் அகழாய்வுப் பொருள்களும் சால்ஸ்பரி அருங்காட்சியகத்தில் காக்கப்படுகின்றன.

பிட் ரிவர்ஸின் தொகுதிகளைப் பயின்று, அவருடைய முறையை மேலும் செம்மைப்படுத்தியவர் மார்ட்டிமர் வீலர். டார்செட்டின் மெய்டன் காசில் கோட்டையில் அகழாய்வு செய்த வீலர், 1944இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநரானார். அடுத்த ஆண்டு புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டை அகழ்ந்தார். அங்கே, இத்தாலியில் செய்யப்பட்ட செந்நிற மெருகுப் பானையோடுகள் உள்ளூர்ப் பானையோடுகளுடன் ஒரே மண்ணடுக்கில் கிடைத்தன. இத்தாலிய ஓடுகளின் காலம் முன்பே அறியப்பட்டிருந்தது. அதைக்கொண்டு உள்ளூர் ஓடுகளின் காலத்தையும், தென்னிந்தியாவுக்கும் ரோமுக்கும் இடையே இருந்த வணிகத் தொடர்பின் காலத்தையும் வீலர் வரையறுத்தார். உடைந்த ஓட்டையும் எறியாமல் அதன் இடத்தைக் குறித்துவைக்கும் ஒழுங்கு, கிரான்போர்ன் சேஸின் பண்ணை நிலத்திலிருந்து வங்கக் கடற்கரைக்கு வந்து சேர்ந்தது.

நிலம் தம்முடையது என்பதால் எப்படியும் தோண்டலாம் என்ற உரிமை பிட் ரிவர்ஸுக்கு இருந்தது. அவரோ, தம் நிலத்தில் தோண்டிய ஒவ்வொரு குழிக்கும் வருங்காலத்தவருக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவராகத் தம்மைக் கருதினார். அக்கடமையுணர்வே அவரைத் தொல்லியலின் முன்னோடிகளுள் ஒருவராக்கியது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலோ அருகிலோ உள்ள பழஞ்சின்னம் ஒன்றைப் பார்வையிட்டு, அதன் அமைவிடம், அளவு, இன்றைய நிலை ஆகியவற்றை வரைபடத்துடன் பதிவுசெய்க.

2. பழஞ்சின்னங்களைக் காப்பதில் பெரிதும் பயன்தருவது சட்டமா, மக்களின் விழிப்புணர்வா என்பது குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.