ஆகாயப் புயலை அளந்தவர்

2018-ஆம் ஆண்டு நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டைப் பிரதேசத்தைச் சூறையாடியபோது, தென்னைகளோடு மின்சாரக் கம்பங்களும் சாய்ந்தன. கம்பி அறுந்தால் கம்பியில்லாச் செய்தியின் அருமை விளங்கும். அந்தக் கம்பியில்லா அலைகளையும் கலைக்கவல்ல புயல்கள் மேல் ஆகாயத்தில் உண்டு. அம் மேல் ஆகாயத்தை நமது தேசத்தில் முறைப்படி ஆராய்ந்த முன்னோடி, காலஞ்சென்ற பேராசிரியர் சிசிர் குமார் மித்ரா. அன்னாரின் சரித்திரத்தை நம்மவர் அறிதல் அவசியமென்று கருதுகிறோம்.

மித்ரா 1890-ல் வங்காளத்தில் பிறந்தார். தந்தை பள்ளி ஆசிரியர். தாயாரோ, ஸ்திரீகள் வெளியே வரத் தயங்கிய அக்காலத்திலேயே வைத்தியம் பயின்றவர். கல்கத்தா பிரசிடென்ஸி கல்லூரியில் 1912-ல் எம்.எஸ்ஸி. தேறிய மித்ரா, 1916-ல் ஸர் ஆசுதோஷ் முகர்ஜியின் அழைப்பை ஏற்று ஸயன்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். 1920-ல் பாரிஸ் சென்று, 1923-ல் டாக்டர் பட்டம் பெற்றார். அந்நாட்டிலேயே ரேடியோ சாஸ்திரத்தில் அவர் மனம் சென்றது. தாயகம் திரும்பியதும் கல்கத்தா சர்வகலாசாலையில் அதற்கென ஆராய்ச்சிசாலை நிறுவினார்.

அவர் ஆராய்ந்த விஷயம் யாது? சூரிய கிரணங்கள் மேற்காற்றின் அணுக்களை உடைப்பதால், சுமார் 60 கிலோமீட்டர் உயரத்திற்கு மேல் மின்னேற்றம் பெற்ற அடுக்குகள் உண்டாகின்றன. சிற்றலைகள் இவற்றால் வளைக்கப்பட்டே பூமிக்குத் திரும்பித் தூரதேசங்களை எட்டுகின்றன. சூரியனில் பெருங் கொந்தளிப்பு எழுமாயின், சுமார் எட்டு நிமிஷங்களில் அதன் எக்ஸ் கிரணங்கள் இங்கு வந்து கீழடுக்கை அடர்த்தியாக்கும். பகலாயுள்ள பாதிப் பூமியில் சிற்றலைகள் விழுங்கப்பட்டு, ரேடியோ ஊமையாகும். ஓரிரு நாட்கள் கழித்துக் காந்தப் புயலும் தொடரக்கூடும்.

இவ்வடுக்கு உண்டென்று இங்கிலாந்தில் ஆப்பிள்டன் 1924-ல் நிரூபித்தார். ஆறே ஆண்டுகளில் மித்ராவும் அவருடைய மாணாக்கர் ரக்ஷித்தும் வங்காளத்து ஆகாயத்தில் அதைக் கண்டறிந்தனர். விண்கற்கள் பொழியும்போதும் அடுக்குகளில் மாறுதல் நிகழ்வதை மித்ரா குழுவினர் 1934-ல் வெளியிட்டனர். அடிமைப்பட்டிருந்த தேசத்தில், சொற்ப சாதனங்களைக் கொண்டு செய்த வேலை இது! ரேடியோ ஆராய்ச்சிக்குச் சர்க்கார் சபை வேண்டுமென்று அவர் ஆண்டுக்கணக்கில் வற்புறுத்தினார். உலக யுத்தம் மூண்ட பின்னரே அதிகாரிகளுக்குச் செவி திறந்தது.

தேசம் விடுதலையடைந்த 1947-லேயே மேல் வாயுமண்டலம் பற்றிய அவரது பெருநூல் கல்கத்தாவில் வெளியாயிற்று. ருஷ்ய மொழியிலும் பெயர்க்கப்பட்டது. 1949-ல் ரேடியோ பௌதிகத்திற்கென்று தனி ஸ்தாபனம் கண்டார். 1958-ல் ராயல் சொஸைட்டி அவரை அங்கத்தினராக்கியது. 1963-ல் மறைந்தார்.

வங்காளத்து விஷயம் நமக்கெதற்கு என்று எவரேனும் கேட்கலாம். பூமியின் காந்த மத்திய ரேகை தமிழ்நாட்டுத் தென்கோடிக்கு அருகே செல்கிறது. ஆதலின் அஸ்தமனத்திற்குப் பின் மேலடுக்குகளில் எழும் குழப்பம் நம் பக்கத்தில் அதிகம். செயற்கைக்கோள்களிலிருந்து வரும் சமிக்ஞைகளையும் அது தடுமாறச் செய்யும். மல்லிப்பட்டினத்து மீனவர் இரவில் ஜி.பி.எஸ். கருவியை நம்பிக் கடலில் செல்கிறார். அவருடைய ஆகாயத்தை அந்நியர் வந்து அளந்து சொல்லட்டுமென்று நாம் காத்திருத்தல் தகாது. மித்ரா காத்திருக்கவில்லை. நம் வாலிபர்கள் அவரிடம் கற்கவேண்டிய பாடம் இதுவே.