ஹென்ட்ரிக் வான் ரீட்

ஹென்ட்ரிக் ஆட்ரியான் வான் ரீட் (ஏப்ரல் 13, 1636 – டிசம்பர் 15, 1691) டச்சுக் கிழக்கிந்திய நிறுவனத்தில் படைவீரராகவும் ஆட்சியாளராகவும் பணியாற்றியவர். மலபார்ப் பகுதித் தாவரங்களைப் படங்களுடன் விளக்கும் ஹோர்டஸ் மலபாரிக்கஸ் என்னும் 12 தொகுதிகள் கொண்ட இலத்தீன் நூலை உருவாக்கியமைக்காகப் பெரிதும் அறியப்படுகிறார். எனினும் இவர் தாவரவியல் கற்றவர் அல்லர்.

வாழ்க்கை

வான் ரீட் ஆம்ஸ்டர்டாம் நகரில் உயர்குடிக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். 1656இல் நிறுவனத்தில் சேர்ந்து கீழை நாடுகளுக்குப் புறப்பட்டார். போர்த்துக்கேயரிடமிருந்து 1663இல் கொச்சியைக் கைப்பற்றிய போரில் பங்கு கொண்டார். 1670 முதல் 1677 வரை டச்சு மலபாரின் ஆட்சித் தலைவராக இருந்தார்.

நூல் எழுந்த சூழல்

அக்காலத்தில் ஒல்லாந்து மக்களிடையே அயல்நாட்டு மலர்கள் மீது பெரும் மோகம் இருந்தது. துருக்கியிலிருந்து வந்த துலிப் மலரின் கிழங்குகள் அளவிறந்த விலைக்கு விற்று, 1637இல் அவ்வணிகம் சரிந்தது. அந்நாட்டு ஓவியர்கள் வெவ்வேறு பருவங்களில் பூக்கும் மலர்களை ஒரே சாடியில் பூத்தனவாக வரைந்தனர். வான் ரீடின் நூலில் உள்ள படங்கள் வேறு வகையின. அவற்றில் சாடி இல்லை. இலை, பூ, காய் ஆகியவற்றுடன் பறித்து வந்த கிளையை ஓவியர்கள் நேரில் பார்த்து வரைந்தனர். பயனே நோக்கம், அழகு உடன் வந்தது எனலாம்.

அந்நோக்கத்தில் அரசியலும் கலந்திருந்தது. இலங்கையையே நிறுவனத்தின் முதன்மை நிலமாக்க விரும்பிய ரைக்ளொஃப் வான் கூன்ஸ் இவருடைய எதிராளி. மலபார் மண்ணின் வளத்தை மேலிடத்துக்குக் காட்ட இந்நூலும் ஒரு சான்றாயிற்று. மேலும், ஆசியாவில் விளைந்த மூலிகைகள் ஐரோப்பா சென்று பழமைப்பட்டு மருந்தாகத் திரும்பும் வீண்செலவையும் வான் ரீட் தவிர்க்க எண்ணினார்.

உழைத்தவர்கள்

தாவரங்களின் பெயரையும் மருத்துவப் பயனையும் கூறியவர்களுள் முதன்மையானவர் ஈழவ வைத்தியரான இட்டி அச்சுதன். தம் குடும்ப ஓலைச்சுவடியறிவை அவர் வழங்கினார். கொங்கணி அந்தணர்களான ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் ஆகியோரும் உதவினர். தொடக்கத் தொகுதிகளின் இலத்தீன் வாசகம் யோகானஸ் கசேரியஸ் என்னும் சமயகுருவால் எழுதப்பட்டது. இந்நூலைத் தனியொருவர் நூலாகக் கருதுவது பொருந்தாது. முதல் தொகுதியிலேயே இந்நாட்டு வைத்தியர்களின் சான்றுரைகள் அச்சிடப்பட்டிருப்பது அக்கால ஐரோப்பிய நூல்களில் அரிது.

1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் இது வெளிவந்தது. 742 தாவரங்களும் ஏறத்தாழ 790 படங்களும் இதில் உள்ளன. படங்களில் பெயர்கள் மலையாளம், அரபு, தேவநாகரி எழுத்துகளிலும் பொறிக்கப்பட்டன. பின்னாளில் லின்னேயஸ் தம் வகைப்பாட்டிற்கு இந்நூலைப் பயன்படுத்தினார்.

பாதிரி

ஆறாம் தொகுதியில் பாதிரி இன மரம் ஒன்று அதே பெயரால் இடம்பெற்றுள்ளது. குறிஞ்சிப்பாட்டின் மலர் வரிசையில் உள்ள பாதிரியே கடலூரைச் சேர்ந்த திருப்பாதிரிப்புலியூருக்குப் பெயர் தந்தது. அங்குள்ள பாடலீசுவரர் கோயிலின் தலமரமும் அதுவே. அவ்வூருக்கு அருகிலுள்ள தேவனாம்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வணிகம் செய்து வந்தனர். ஆயினும் இம்மரம் ஐரோப்பிய நூலுள் நுழைந்தது மலபார் வழியாகவே.

சோழமண்டலக் கரையும் இறுதிக்காலமும்

1684இல் வான் ரீட் இலங்கை, வங்காளம், சோழமண்டலக் கரை ஆகிய இடங்களில் நிறுவன அலுவலர்களின் ஊழலை ஆராயும் ஆணையராக நியமிக்கப்பட்டார். இவருடைய ஆணைக்காலத்தில் சோழமண்டலத் தலைமையிடம் 1690இல் பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினத்திற்கு மாற்றப்பட்டது. அடுத்த ஆண்டு சூரத் நோக்கிச் செல்லுகையில் பம்பாய்க்கு அருகே கப்பலில் இறந்தார். நூலின் கடைசித் தொகுதிகள் அச்சேறியதை அவர் காணவில்லை. சூரத்தில் டச்சுக் கல்லறைத் தோட்டத்தில் அவரது குவிமாடக் கல்லறை உள்ளது. நூலின் மூல ஓவியங்கள் பல இலண்டனிலுள்ள பிரித்தானிய நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.