112 அடி மனுவும் எட்டு நிபந்தனைகளும்: இரட்டைமலை சீனிவாசனை மீண்டும் வாசிக்க வேண்டிய காரணம்

கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனுக்கு ஒரு மணிமண்டபம் இருக்கிறது. அடையாறு, கிண்டி வட்டாரத்துக் கல்லூரிகளில் பயிலும் மாணவர்கள் அன்றாடம் அந்தச் சாலையைக் கடக்கிறார்கள். அவருடைய பிறந்தநாளில் மாலைகள் சூட்டப்படுகின்றன. மேடைகளில் தவறாமல் ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. லண்டன் வட்டமேசை மாநாட்டின்போது ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் கைகுலுக்க வந்தார் என்பதும், தாம் தீண்டப்படாதவர் என்று சீனிவாசன் ஒதுங்கி நின்று மன்னரைத் திடுக்கிடச் செய்தார் என்பதும் அந்த நிகழ்ச்சி. சொல்லத் தகுந்த நிகழ்ச்சிதான். ஆயினும் அதே லண்டனில் அம்பேத்கரோடு சேர்ந்து அவர் கையொப்பமிட்டு அளித்த அறிக்கை என்ன கேட்டது என்பதை நம் மேடைகள் அரிதாகவே பேசுகின்றன. அரசு அலுவலகத்தின் நாற்காலியில் யார் அமர்கிறார், அவரைக் கண்காணிப்பவர் யார் என்ற கேள்வியை அந்த அறிக்கைக்கு 37 ஆண்டுகளுக்கு முன்பே அவர் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் முன் வைத்திருந்தார். அவருடைய பொதுவாழ்வின் நடு இழை இக்கேள்வியே என்பது நம் துணிபு.

சீனிவாசன் 1859இல் செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளம் கிராமத்தில் பிறந்தார். கல்வி கோயம்புத்தூரில் அமைந்தது. பள்ளி மணி அடிக்கும்வரை வெளியே எங்கேனும் ஒதுங்கியிருந்து படிப்பதும், வகுப்பு முடிந்ததும் பிற மாணவர் கண்ணில் படாமல் வீட்டுக்கு விரைவதுமாக அவருடைய பள்ளி நாட்கள் கழிந்தன. தம் சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தால் உடன் படித்தவர்களோடு கூடி விளையாட இயலாமற்போன துயரத்தை முதுமையில் தன்வரலாறு எழுதும்போதும் அவர் மறக்கவில்லை. பின்னர் நீலகிரியில் ஐரோப்பிய வணிக நிறுவனங்களில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் கணக்கராகப் பணியாற்றினார். அயோத்திதாசப் பண்டிதர் அவருக்கு மைத்துனர். 1890இல் சென்னைக்கு வந்தவர், அடுத்த ஆண்டு பறையர் மகாஜன சபையை நிறுவினார். 1893 அக்டோபரில் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். இழிவென்று பிறர் எறிந்த பெயரையே இதழின் தலைப்பில் பெரிய எழுத்தில் அச்சிட்டார். அத்துணிவை இன்றைய நிலையிலிருந்து முழுமையாக உணர்வது கடினம்.

அவர் வந்து சேர்ந்த சென்னையின் அரசியல் மையம் மயிலாப்பூர். 1884 டிசம்பரில் அடையாற்றில் பிரம்மஞான சபையின் ஆண்டுக்கூட்டம் முடிந்ததும், மயிலாப்பூரில் திவான் பகதூர் ரகுநாதராவ் இல்லத்தில் பதினேழு பேர் கூடிப் பேசியதிலிருந்தே இந்திய தேசியக் காங்கிரசின் எண்ணம் முளைத்தது என்று அன்னி பெசன்ட் எழுதியிருக்கிறார். அக்கூற்றை எல்லா வரலாற்றாசிரியரும் ஏற்பதில்லை. எனினும் வழக்கறிஞர்களும் உயர் அலுவலர்களும் நிறைந்த அந்தப் பகுதியே மாகாண அரசியலின் போக்கை நெடுங்காலம் வகுத்தது என்பதில் ஐயமில்லை. ஐ.சி.எஸ். தேர்வை லண்டனில் மட்டும் நடத்தாமல் இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும் என்பது 1885 முதலே காங்கிரசின் தலையாய கோரிக்கைகளுள் ஒன்று. கடல்கடந்து சென்று தேர்வெழுதப் பொருள்வசதியும் சாதித்தடையற்ற சூழலும் வேண்டியிருந்ததால் கோரிக்கையில் நியாயம் இருந்தது. 1893 ஜூன் 2ஆம் நாள் பிரிட்டிஷ் மக்களவை அதற்கு ஆதரவாக ஒரு தீர்மானத்தை 84க்கு 76 என்ற வாக்குக் கணக்கில் நிறைவேற்றியது.

இச்செய்தி சேரிகளில் எவ்வாறு கேட்டிருக்கும் என்பதை அறிய ஓராண்டு பின்னோக்கிச் செல்ல வேண்டும். சீனிவாசனின் சொந்த மாவட்டமான செங்கற்பட்டில் ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், பறையர் மக்களின் நிலை குறித்து ஓர் அறிக்கை அளித்தார். புறம்போக்கு நிலம் கேட்டு ஒரு பண்ணையாள் விண்ணப்பித்தால் மிராசுதாருக்கே முன்னுரிமை தரும் விதிகள் எவ்வாறு குறுக்கே நின்றன என்பதை அது விளக்கியது. அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30இல் வெளியான அரசாணை, பின்னாளில் நாம் பஞ்சமி நிலம் என்று அழைக்கும் ஒதுக்கீட்டுக்கு அடிகோலியது. ஆணை கோட்டையிலிருந்து வந்தது. நிலத்தை அளந்து எழுத வேண்டிய கணக்கரும் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க வேண்டிய தாசில்தாரும் மிராசுதாரரின் உறவுமுறையிலிருந்தோ அவருக்கு இணங்கிய சாதிகளிலிருந்தோ வந்தவர்கள். அவர்களுக்கு மேலே இருக்கும் ஆட்சியரும் அதே வட்டத்திலிருந்து வந்தால் முறையீட்டுக்கு எஞ்சியிருக்கும் இறுதி வாயிலும் அடைபடும் என்பதே அன்றைய அச்சம்.

1893 டிசம்பரில் ராயப்பேட்டை வெஸ்லியன் மிஷன் மண்டபத்தில் சீனிவாசன் கூட்டிய கூட்டம் இந்த அச்சத்துக்கு அரசியல் வடிவம் தந்தது. ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவில் நடத்தலாகாது என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு ஒரு மனு எழுதப்பட்டது. 3,412 பேர் அதில் கையொப்பமிட்டனர். மனுவின் நீளம் 112 அடி. இந்தியாவில் வைஸ்ராயின் ஆலோசனைக் குழுவில் இருந்தவரும் அப்போது மக்களவை உறுப்பினருமான ஜெனரல் செஸ்னியின் வழியாக அது நாடாளுமன்றத்தைச் சென்றடைந்தது. எழுத்தறிவு மறுக்கப்பட்ட ஒரு சமூகத்திலிருந்து, இதழ் தொடங்கி மூன்றே மாதத்தில், இத்தனை கையொப்பங்கள்!

இந்த மனுவைக் காட்டி அவரை ஆங்கிலேயரின் ஆள் என்று பழிப்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். மனுவை நாம் குறையற்றதாகக் கருதவில்லை. பிரிட்டிஷ் அதிகாரிகள் நடுநிலையானவர்கள் என்ற நம்பிக்கை அதனுள் இருக்கிறது; அந்நம்பிக்கைக்குத் திரமென்ஹீர் போன்ற ஒரு சிலரே தகுதி பெற்றவர்கள். மக்களவைத் தீர்மானம் இறுதியில் கைவிடப்பட்டதற்கும் இந்த மனு மட்டுமே காரணமன்று. உயர்பதவிகளை வெள்ளையருக்கே வைத்துக்கொள்ள விரும்பிய இந்திய அரசுக்குத் தனக்கேயான காரணங்கள் இருந்தன. ஆயினும் மனு எழுப்பிய ஐயம் பொய்க்கவில்லை. 1892 முதல் 1904 வரை இம்மாகாணத்துப் போட்டித் தேர்வுகளில் வென்ற 16 பேரில் 15 பேர் பிராமணர் என்று பொதுப்பணி ஆணையத்தின் முன் கார்டியூ என்ற அதிகாரி சாட்சியமளித்தார். 140 துணை ஆட்சியர்களில் 77 பேரும் 128 மாவட்ட முன்சீப்புகளில் 93 பேரும் அவ்வகுப்பினரே. இவ்வெண்கள் 1916இன் பிராமணரல்லாதார் அறிக்கையால் புகழ்பெற்றன. அந்த அறிக்கையிலும் பஞ்சமருக்கென்று தனியாக ஓர் எண் இல்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

1900இல் இங்கிலாந்து செல்லும் நோக்கத்துடன் கப்பலேறியவர் தென்னாப்பிரிக்காவில் தங்கிவிட நேர்ந்தது. அங்கே நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்தார். ஒப்பந்தக் கூலியின் முறையீட்டை நீதிபதியின் மொழியில் எடுத்துரைக்கும் வேலை அது. சுமார் இருபது ஆண்டுகளுக்குப் பின் சென்னை திரும்பியபோது இரட்டையாட்சி நடந்துகொண்டிருந்தது. 1923இல் சென்னைச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார்.

பொதுச்சாலைகளிலும் கிணறுகளிலும் அலுவலகங்களிலும் எவரும் தடையின்றிப் புழங்கலாம் என்ற 1924ஆம் ஆண்டுத் தீர்மானத்தின் வரலாற்றில் அவர் பெயரும் ஆர். வீரையன் பெயரும் இணைந்தே நிற்கின்றன. தீர்மானம் அரசாணையாயிற்று, உள்ளாட்சி அமைப்புகளுக்கு அனுப்பப்பட்டது. அதன்பின் நடந்ததை எந்தச் சேரிவாசியும் சொல்ல முடியும். பல ஊர்களில் அது தண்டோரா போடப்படாமல் கோப்பிலேயே கிடந்தது. சட்டமன்றம் ஒன்றைத் தீர்மானிப்பதற்கும் கிராம அதிகாரி அதைச் செய்வதற்கும் இடையிலுள்ள தொலைவைச் சீனிவாசன் உறுப்பினராக இருந்தே அளந்தார். ஆணை பிறந்துவிட்டதா என்று கேட்பதோடு நிற்காமல், நிறைவேற்றாத அலுவலரை யார் கேட்பது என்ற அடுத்த படிக்கு அவர் சென்றதற்கு இந்த அனுபவமே பின்புலம் என்று நாம் கருதுகிறோம்.

1930 நவம்பரில் முதல் வட்டமேசை மாநாடு கூடியது. தாழ்த்தப்பட்ட வகுப்பாரின் பிரதிநிதிகளாகச் சென்றவர்கள் இருவரே, அம்பேத்கரும் சீனிவாசனும். ஒருவருக்கு வயது நாற்பதுக்குள், மற்றவர் எழுபதைக் கடந்தவர். சிறுபான்மையோர் துணைக்குழுவிடம் இருவரும் கூட்டாக அளித்த அறிக்கை எட்டு நிபந்தனைகளைக் கொண்டது. சமக் குடியுரிமை, சமூகப் புறக்கணிப்பைக் குற்றமாக்கும் விதிகள், சட்டமன்றப் பிரதிநிதித்துவம் ஆகியவற்றை நாம் ஓரளவு அறிவோம். ஐந்தாவதும் ஆறாவதும்தான் மறக்கப்பட்டவை.

உயர்சாதி அலுவலர்கள் பொதுப்பணிகளை முற்றுரிமையாக்கிக்கொண்டு, சட்டத்தையும் தமக்கு அளிக்கப்பட்ட விருப்புரிமையையும் தாழ்த்தப்பட்டோருக்கு எதிராகத் திருப்புகிறார்கள் என்று ஐந்தாவது நிபந்தனை தொடங்குகிறது. தீர்வாக அது கேட்பது, மத்தியிலும் ஒவ்வொரு மாகாணத்திலும் ஒரு பணியாளர் தேர்வாணையம். எல்லாச் சமூகங்களுக்கும் போதிய இடம் கிடைக்குமாறு ஆள் எடுப்பது அந்த ஆணையத்தின் கடமை. ஒரு பணியில் எந்தச் சமூகம் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பார்த்து முன்னுரிமையை அவ்வப்போது மாற்றியமைக்கும் அதிகாரமும் அதற்கு வேண்டும். சட்டமன்றத் தீர்மானத்தால் அன்றி அதன் உறுப்பினரை நீக்கலாகாது. ஓய்வுக்குப் பின் அவர் அரசுப் பதவி எதையும் ஏற்கலாகாது. ஆணையம் ஆளும் அரசின் தயவில் வாழாமல் மக்கள் மன்றத்துக்கே பொறுப்பாக இருக்க வேண்டும் என்பதுதான் இவற்றின் பொருள்.

ஆறாவது நிபந்தனை இன்னும் நுட்பமானது. கல்வி, சுகாதாரம், அரசுப்பணி ஆகியவற்றில் தாழ்த்தப்பட்டோரின் நலனை ஓர் அரசு புறக்கணித்தால் மேல்முறையீடு செய்யும் உரிமை அரசியல் சட்டத்திலேயே இருக்க வேண்டும் என்கிறது. சிறுபான்மையோர் கல்விக்காகக் கனடாவின் 1867ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ள 93ஆம் பிரிவை அது முன்மாதிரியாகக் காட்டுகிறது. அரசு தீங்கு செய்வது ஒன்று. செய்ய வேண்டியதைச் செய்யாமல் இருப்பது மற்றொன்று. பின்னதையும் முறையீட்டுக்குரிய குற்றமாக்கியதே இந்த நிபந்தனையின் தனிச்சிறப்பு.

1932 செப்டம்பரில் பூனா ஒப்பந்தத்தில் அம்பேத்கரும் எம்.சி. ராஜாவும் சீனிவாசனும் கையொப்பமிட்டார்கள். தனித்தொகுதி பறிபோனதை மட்டுமே நாம் பேசுகிறோம். பணிகள் பற்றிய பிரிவில் நேர்ந்த இழப்பும் சிறிதன்று. லண்டனில் சட்டக் கடமையாகக் கேட்கப்பட்டது, இங்கே கல்வித்தகுதிக்கு உட்பட்டு எல்லா முயற்சியும் மேற்கொள்ளப்படும் என்ற வாக்குறுதியாகச் சுருங்கிற்று. கடமை முயற்சியாயிற்று, முயற்சிக்கும் ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டது. இன்றைய அரசியல் சட்டத்தின் 335ஆம் பிரிவைத் திறந்தால் அதே சாயலைக் காணலாம். பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் கோரிக்கைகள் கருத்தில் கொள்ளப்பட வேண்டும், ஆனால் நிர்வாகத் திறனுக்கு ஊறு நேராத வகையில். பதவி உயர்வு வழக்குகளில் இந்தத் திறன் என்ற சொல் எத்தனை முறை நம் எதிரே நிறுத்தப்பட்டிருக்கிறது என்பதைத் தொழிற்சங்கத் தோழர்கள் அறிவார்கள்.

லண்டனில் கேட்கப்பட்டவற்றுள் கண்காணிப்பு என்ற கூறு மட்டும் வேறு உருவில் பின்னர் வந்து சேர்ந்தது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நலனுக்கான நாடாளுமன்றக் குழு 1968இல் அமைக்கப்பட்டது. மக்களவையிலிருந்து 20 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். அமைச்சர் எவரும் உறுப்பினராக இயலாது. அமைச்சகச் செயலர்களையும் வங்கி, பொதுத்துறைத் தலைவர்களையும் அழைத்து, ரோஸ்டர் பதிவேடு முறையாகப் பேணப்படுகிறதா, பின்னடைவுக் காலிப்பணியிடங்கள் எத்தனை, ஏன் நிரப்பப்படவில்லை என்று அது கேட்கிறது. 338ஆம் பிரிவின்படி நாடாளுமன்றத்தில் வைக்கப்படும் ஆணைய அறிக்கைகளையும் ஆராய்கிறது. இதனோடு, 1993இல் துறைசார் நிலைக்குழுக்கள் உருவானபின், பணியாளர், சட்டம், நீதித் துறைகளுக்கான 31 பேர் கொண்ட குழு ஒன்றும் உண்டு. குடிமைப் பணிகளை ஆளும் துறையின் மானியக் கோரிக்கையும் அத்துறைகள் சார்ந்த மசோதாக்களும் அதன் முன் வருகின்றன.

இக்குழுக்களின் எல்லையையும் தெரிந்துகொள்வது நல்லது. சாட்சியம் பெறும் அமர்வுகள் பொதுமக்களுக்குத் திறந்தவை அல்ல. அறிக்கை அவையில் வைக்கப்பட்ட பின்னரே நம் கைக்கு வரும். பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தா. எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன என்று அமைச்சகம் பதில் தர வேண்டும். பரிசீலனையில் உள்ளது என்ற பதிலும் பதில்தான். ஆனாலும் ஓர் உயர் அலுவலர் வகுப்புவாரி எண்களை எழுத்தில் ஒப்படைத்துப் பதில் சொல்லியாக வேண்டிய இடம் இந்நாட்டில் அதிகமில்லை. வழக்குத் தொடுக்கும் தோழர்களும் ஆய்வு மாணவர்களும் இவ்வறிக்கைகளைப் போதுமான அளவு பயன்படுத்துவதில்லை என்பது நம் வருத்தம். தகவல் உரிமைச் சட்டத்தில் மாதக்கணக்கில் காத்திருந்து கேட்கும் எண்களில் சில அந்தப் பக்கங்களில் ஏற்கெனவே அச்சாகிக் கிடக்கின்றன.

சீனிவாசன் 1936இல் திவான் பகதூர் பட்டம் பெற்றார். அதன்பின் சில ஆண்டுகளில் தம் வாழ்க்கையைச் சுருக்கி ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்ற சிறுநூலாக வெளியிட்டார். 112 அடி மனுவின் கதை அதில் சில வரிகளில் அடங்கிவிடுகிறது. 1945 செப்டம்பர் 18இல் காலமானார். ஓட்டேரி இடுகாட்டில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. அரசியல் நிர்ணய சபை தன் முதல் கூட்டத்தைத் தொடங்கப் பதினைந்து மாதங்கள் இருந்தன.